ஒரே சொல்லுக்கு மூன்று வெட்டு: ஆங்கிலச் சொல் பிரிக்கும் அகராதிகள், ஓர் அலசல்

மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியில் 'அபாண்டன்' என்ற வினைச்சொல்லைத் தேடினால், தலைச்சொல்லின் கீழே அது நடுப்புள்ளியோடு இரண்டு துண்டாக நிற்கும்: 'அபான்', 'டன்'. லாங்மேன் அகராதியில் அதே சொல் மூன்று துண்டு: 'அ', 'பான்', 'டன்'. வாய்விட்டுச் சொன்னால் மூன்று அசைதான் வருகிறது. அப்படியானால் அமெரிக்காவின் பேர்போன அகராதி தப்பா? தப்பில்லை. அந்தப் புள்ளிகள் அசையைக் காட்ட வைத்தவையே அல்ல. இது தெரியாமல் அந்தப் புள்ளியை எண்ணி 'இந்தச் சொல்லுக்கு எத்தனை அசை' என்று விடை எழுதும் பிள்ளைகளும், எழுத வைக்கும் பயிற்சி ஏடுகளும் ஏராளம்.

தமிழ் வகுப்பில் இந்தக் குழப்பம் வராது. 'வந்தனன்' என்பதை அலகிடச் சொன்னால் வந்/தனன், நேர் நிரை, கூவிளம் என்று எழுதுவோம். பகுபத உறுப்பிலக்கணம் கேட்டால் வா, த், த், அன், அன் என்று ஐந்தாக உடைத்து, 'வா' குறுகி 'வ' ஆனதும் சந்தித் தகரம் நகரமானதும் விகாரம் என்போம். இரண்டும் வேறு வேறு வேலை என்பது மாணவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இவற்றோடு மூன்றாவதாக ஒரு வெட்டும் உண்டு. அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை எங்கே முறித்துச் சிறுகோடு போடலாம் என்பது அது. ஆக ஒலி அசை, பொருள் தரும் உறுப்பு, வரிமுறிவு என்று மூன்று. கையில் கிடைக்கும் ஒவ்வொரு அகராதியும் இவற்றில் ஒன்றிரண்டைத்தான் காட்டுகிறது. எதைக் காட்டுகிறது என்பதை முகப்பில் சொல்லும் அகராதியோ அபூர்வம். இந்த அலசல் அதைப் பற்றித்தான்.

முதலில் மெரியம்-வெப்ஸ்டர். இலவசம், விளம்பரம் உண்டு. தலைச்சொல்லின் கீழே உள்ள பிரிப்பில் வரும் நடுப்புள்ளிகள் வரிமுறிவுக்கானவை. அச்சுக்காரர் சொல்லின் முதலிலோ கடைசியிலோ ஒற்றை எழுத்தைத் தனியாக விடுவதில்லை. அதனால் அங்கே புள்ளியும் வைப்பதில்லை. 'அபௌட்' இரண்டு அசைச் சொல், ஆனால் ஒரு புள்ளிகூட இல்லாமல் முழுசாக நிற்கும். 'எபிலிட்டி' நான்கு அசை. முதல் எழுத்தான 'ஏ'-யைப் பிரிக்காததால் மூன்று துண்டாகத்தான் தெரியும். அசை வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் உள்ள உச்சரிப்பு வரியைப் பார்க்க வேண்டும். அங்கே சிறுகோடு போட்டுப் பிரித்திருப்பதுதான் ஒலி அசை.

இந்த இரண்டு வரியும் ஒத்துப்போகாத இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. 'மெட்ரிக்' புள்ளிப் பிரிப்பில் 'மெட்', 'ரிக்' என்று 'டி' எழுத்துக்குப் பின் புள்ளி; உச்சரிப்பில் 'மெ', 'ட்ரிக்'. 'ரன்னிங்' எழுத்தில் இரண்டு 'என்'-களுக்கு நடுவே பிரிகிறது. ஒலியில் ஒரே 'ன'-தான் இருப்பதால் 'ர', 'னிங்'. 'மாஸ்டர்' எழுத்தில் 'எஸ்'-க்குப் பின். ஒலியில் 'எஸ்'-க்கு முன். எல்லாவற்றிலும் விவகாரமானது 'சோஷலிசம்'. புள்ளிப் பிரிப்பில் 'சோ', 'ஷல்', 'இசம்' என்று மூன்றே துண்டு. உச்சரிப்பில் 'சோ', 'ஷ', 'லி', 'ஸம்' என்று நான்கு. அந்தக் கடைசி விகுதியில் எழுதிக் காட்டும் உயிரெழுத்து ஒன்றுதான். 'எஸ்'-க்கும் 'எம்'-க்கும் நடுவே எழுத்தில் இல்லாத ஓர் உயிர் வாயில் மட்டும் வருகிறது. இந்த விகுதி கொண்ட சொற்களில் புள்ளியை எண்ணினால் ஓர் அசை குறையும் என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த அகராதியில் மனசார மெச்ச வேண்டிய ஒன்று, பெயரையும் வினையையும் தனித்தனிப் பதிவாக வைத்து வெட்டையும் தனித்தனியாகத் தருவது. 'ரெகார்டு' பெயர்ச்சொல்லாக வந்தால் 'சி' எழுத்துக்குப் பின் புள்ளி, அழுத்தம் முதல் அசையில். வினையாக வந்தால் 'இ' எழுத்துக்குப் பின் புள்ளி, அழுத்தம் இரண்டாம் அசையில். 'ப்ராஜெக்ட்', 'ப்ரெசென்ட்' இரண்டும் இதே வழி. காரணம் எளிது: அழுத்தம் விழும் குறில் உயிர், தனக்குப் பின்னால் வரும் மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அழுத்தம் இடம் மாறினால் வெட்டும் மாறும்.

இந்த ஒலிவழி வெட்டுக்கு அமெரிக்காவில் நீண்ட மரபு உண்டு. நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலில், அதுவரை பள்ளிகளில் புழங்கிய தாமஸ் டில்வொர்த்தின் பிரிப்பை எதிர்த்து வாதாடினார். டில்வொர்த் 'கிளஸ்டர்' என்பதில் 'எஸ்'-க்கு முன்பும், 'ஹேபிட்' என்பதில் 'பி'-க்கு முன்பும் வெட்டியிருந்தார். பிள்ளை படிக்கும்போது வாயில் வருகிறபடி 'எஸ்'-க்குப் பின்பும் 'பி'-க்குப் பின்பும் வெட்ட வேண்டும் என்பது வெப்ஸ்டரின் கட்சி. பிரிட்டிஷ் அச்சு மரபோ வேர்ச்சொல்லைச் சிதைக்காமல் வெட்டப் பார்க்கும். 'நாலெட்ஜ்' அமெரிக்கரிடம் 'எல்' எழுத்துக்குப் பின் முறியும்; பிரிட்டிஷ் மரபில் 'தெரி' என்னும் பொருளுள்ள பகுதியை முழுசாக விட்டுவிட்டு 'டபிள்யூ'-வுக்குப் பின் முறியும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வழியிலான பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் புத்தகம் போடுகிறவர் மெரியம்-வெப்ஸ்டர் புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது.

குறை ஒன்று: புள்ளியிட்ட சொல்லை அந்தப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் புள்ளிகளும் கூடவே வரும், புள்ளிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளியும் வரும். புள்ளியை அழித்த பிறகும் அது ஒளிந்திருந்து, கோப்பில் தேடினால் சொல் கிடைக்காமல் போகும். சொல்லைக் கையால் தட்டச்சு செய்துவிடுவது மேல்.

பேச்சுக்கும் வாசிப்புக்கும் எங்கள் தேர்வு கேம்பிரிட்ஜ் இணைய அகராதி. தலைச்சொல்லை அது பிரிப்பதே இல்லை. சர்வதேச ஒலிக்குறி வரியில் புள்ளி வைத்து அசையைக் காட்டுகிறது. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒலிப்பதிவோடு. 'ஃபோட்டோகிராஃபி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் வரியில் 'ஜி' ஒலி இரண்டாம் அசையின் கடைசியில் ஒட்டி நிற்கிறது. அமெரிக்க வரியில் மூன்றாம் அசையின் முதலுக்குப் போய்விடுகிறது. பிரிட்டிஷ் பேச்சில் அந்த இரண்டாம் அசையின் உயிர் குறில், அழுத்தம் உள்ள குறில் ஒரு மெய்யால் மூடப்பட்டாக வேண்டும். அமெரிக்கப் பேச்சில் அது நெடில், மூட வேண்டிய தேவையில்லை. ஒரே அகராதிக்குள் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது சின்ன விஷயமல்ல.

கேம்பிரிட்ஜில் அசை எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. அழுத்தக்குறி விழுகிற இடத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். அந்தக் குறியே எல்லையைக் காட்டிவிடும். 'ஃபோட்டோகிராஃபி'யில் புள்ளி இரண்டு, நடுவில் அழுத்தக்குறி ஒன்று, மொத்தம் மூன்று எல்லை, எனவே நான்கு அசை. புள்ளியை மட்டும் எண்ணுகிறவர் மூன்று என்று எழுதிவிடுவார். சொல்லின் தொடக்கத்திலேயே அழுத்தக்குறி இருந்தால் அதை எல்லையாக எண்ணக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஒலிக்குறி படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு லாங்மேன் சௌகரியம். ஒற்றை உயிரெழுத்தையும் தனி அசையாகப் பிரித்துத் தலைச்சொல்லிலேயே காட்டிவிடும், ஒலிப்பதிவும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் இணையப் பதிப்பு பொருள் விளக்கத்தில் முன்வரிசை. ஆனால் ஒலிக்குறி வரியில் அழுத்தக்குறி மட்டும்தான், அசைப்புள்ளி கிடையாது. அசைக்காக அதைத் திறப்பது வீண். கூகுளில் சொல்லோடு உச்சரிப்பைக் கேட்டுத் தேடினால் வரும் பெட்டி, சாதாரண எழுத்துகளில் ஒலியை எழுதிப் புள்ளி வைத்துப் பிரிக்கும். மெதுவாகச் சொல்லவும் வைக்கலாம். அவசரத்துக்கு நல்லது. அதில் தெரியும் எழுத்துகள் சொல்லின் எழுத்துக்கூட்டல் அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அப்படியே பார்த்து எழுதி மதிப்பெண்ணை இழப்பார்கள்.

இனி உறுப்புகள். எழுத்துக்கூட்டலுக்கும் கலைச்சொல்லுக்கும் அசையைவிட உறுப்புதான் கைகொடுக்கும். இங்கே எட்டிமான்லைன் என்ற இணைய வேர்ச்சொல் அகராதிக்கு ஈடு கிடையாது. டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கியது, இலவசம். சொல்லின் வரலாற்றோடு முன்னொட்டு, பின்னொட்டு, கிரேக்க-லத்தீன் வேர்களுக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருப்பதுதான் இதன் பலம். 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் 'சி' இரண்டா ஒன்றா, 'எம்' இரண்டா ஒன்றா என்று ஊரே தடுமாறும். இதில் இருப்பவை லத்தீன் 'அட்' என்ற முன்னொட்டு, 'கம்' என்ற முன்னொட்டு, அளவு என்னும் பொருளுள்ள 'மோட்' என்ற வேர். 'அட்'டின் கடைசி 'டி' பின்னால் வந்த 'சி'யைப் பார்த்து 'சி'யாகவே மாறிவிட்டது; அதனால் இரண்டு 'சி'. 'கம்'மின் 'எம்'மும் வேரின் 'எம்'மும் சேர்ந்ததால் இரண்டு 'எம்'. பொன்+குடம் பொற்குடம் ஆவதைப் படித்தவருக்கு இது புதிதல்ல. எதிர்மறை 'இன்' முன்னொட்டு 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று முகம் மாற்றுவதும் இதே திரிதல்தான்.

பார்வைக்கு உறுப்புபோல் தெரிவதெல்லாம் உறுப்பு அல்ல என்பதையும் இந்தத் தளம் போட்டு உடைக்கும். 'அவுட்ரேஜ்' என்ற சொல்லில் வெளியே என்ற 'அவுட்'டும் இல்லை, சினம் என்ற 'ரேஜ்'உம் இல்லை. எல்லை கடந்தது என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லோடு 'ஏஜ்' என்ற விகுதி சேர்ந்தது, 'அல்ட்ரா'வுக்கு உறவு. வரிமுறிவில் 'அவுட்' தனியாகவும் 'ரேஜ்' தனியாகவும்தான் விழும், வேரில் அப்படி இல்லை. 'ஹெலிகாப்டர்' இன்னும் வேடிக்கை. சுருள் என்னும் பொருளுள்ள கிரேக்க 'ஹெலிகோ'வும், சிறகு என்னும் பொருளுள்ள 'ப்டெர்'உம் சேர்ந்தது. ஆனால் வாய் 'ஹெ-லி-காப்-டர்' என்று வெட்டுவதால் 'பி' ஒரு பக்கமும் 'டி' மறுபக்கமுமாக வெட்டு சிறகின் நடுவே விழுகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்தத் தவறான வெட்டையே பிடித்துக்கொண்டு 'ஹெலிபேட்' என்றும் 'குவாட்காப்டர்' என்றும் புதுச்சொல் படைத்துவிட்டார்கள்.

எட்டிமான்லைனின் குறை, உச்சரிப்போ அசையோ தராதது. விக்ஷனரி என்ற இணைய அகராதி உறுப்பு, வரிமுறிவு இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிறது: சொற்பிறப்புப் பகுதியில் கூட்டல் குறி போட்டு உறுப்பு, உச்சரிப்புப் பகுதியில் வரிமுறிவு. ஒரு விகுதியின் பக்கத்துக்குப் போனால் அந்த விகுதி ஏறிய சொற்களின் பட்டியலும் கிடைக்கும். பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்குப் புதையல். ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தும் தளம். அரிய சொற்களில் வரிமுறிவு வரியே இருக்காது. முக்கியமான வேலைக்கு இன்னோர் அகராதியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம், செவிலியர் படிப்பில் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்வது இணைப்பு உயிரில். வயிற்றைக் குறிக்கும் வேர் 'கேஸ்ட்ர்'. பின்னால் மெய்யில் தொடங்கும் விகுதி வந்தால் நடுவே 'ஓ' எழுத்து ஏறும்: 'கேஸ்ட்ராஸ்கோபி'. உயிரில் தொடங்கும் விகுதி வந்தால் 'ஓ' போய்விடும்: 'கேஸ்ட்ரைட்டிஸ்'. ஆனால் இரண்டு வேர்கள் சேரும்போது இரண்டாவது உயிரில் தொடங்கினாலும் 'ஓ' நிற்கும்: 'கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்'. விகுதிக்கு முன் என்றால் ஒரு சட்டம், வேருக்கு முன் என்றால் வேறு சட்டம். இதைப் பொதுவான அகராதி எதுவும் சொல்லித் தராது. எட்டிமான்லைனில் இத்தகைய சொற்களை அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் தானாகப் புரியும். 45 எழுத்தும் 19 அசையும் கொண்ட அந்தப் புகழ்பெற்ற நுரையீரல் நோயின் பெயர் ('நியூமோனோ' என்று தொடங்கி 'கோனியோசிஸ்' என்று முடிவது) கூட உறுப்பாகப் பார்த்தால் நுரையீரல், மிகை, நுண்நோக்கி, சிலிக்கா, எரிமலை, தூசு, நோய் என்று ஏழே துண்டு. அது 1935-இல் புதிர் ஆர்வலர்கள் வேண்டுமென்றே நீட்டிச் செய்த சொல், மருத்துவர் எழுதுவதில்லை.

தெரியாத நீண்ட சொல் ஒன்று கிடைத்தால் எந்த வரிசையில் வெட்டுவது? 'இன்காம்ப்ரிஹென்சிபிலிட்டி' என்பதைச் செய்து பார்ப்போம். கடைசியிலிருந்து தொடங்குங்கள், விகுதிகள்தான் எளிதில் பிடிபடும். 'இட்டி' பண்புப்பெயர் விகுதி, கழற்றுங்கள். மிச்சத்தின் கடைசியில் 'இபில்'. இது 'இயலும்' என்ற பொருளுள்ள 'இபிள்' விகுதியின் திரிந்த உருவம். பிறகு முன்பக்கம்: எதிர்மறை 'இன்', அடுத்து 'காம்'. நடுவில் நிற்பது 'ப்ரிஹென்ஸ்', பற்றுதல். மனத்தால் பற்ற இயலாத தன்மை. பொருள் வந்துவிட்டது. இப்போது ஒலிக்கு வாருங்கள்: உயிரொலிகளை எண்ணினால் எட்டு, எனவே எட்டு அசை. வெட்டு 'ஹென்', 'சி' என்று விழும். உறுப்பாகப் பிரித்தபோது வேரோடு இருந்த 'எஸ்' இப்போது அடுத்த அசைக்குப் போய்விட்டது. கடைசியாக அழுத்தம். 'இட்டி'யில் முடியும் சொல்லுக்குக் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம், அதாவது 'பில்' மீது.

விகுதியைப் பார்த்து அழுத்தம் சொல்லும் இந்த வழி, தமிழ் பேசுகிறவர்களுக்கு அசை எண்ணிக்கையைவிடப் பயன்படும். நாம் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். 'கிராஃபி', 'லாஜி', 'கிரசி', 'இட்டி' எல்லாம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தும். 'இக்' தனக்கு முந்தின அசையில் அழுத்தும்; 'கேத்தலிக்', 'பாலிடிக்ஸ்', பெயராக வரும் 'அரித்மெடிக்' மூன்றும் இதற்கு அடங்காதவை. அழுத்தம் இழந்த அசையின் உயிர் மங்கிவிடும், அதனால்தான் 'ஃபோட்டோகிராஃபி'யில் 'ஃபோட்டோ' என்பது 'ஃபடா' போலக் கேட்கிறது.

பிள்ளைகளுக்கான ஒலிவழி வாசிப்புப் பயிற்சி ஏடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு உயிருக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் நடுவில் வெட்டு என்ற விதி ('ரேபிட்', 'நேப்கின்') பெரும்பாலும் நிற்கும். ஒரே மெய் வந்தால் அதற்கு முன் வெட்டு என்ற விதியை நம்பி இறங்க முடியாது: 'டைகர்' அதற்குப் பொருந்தும், 'கேமல்' பொருந்தாது. முன்னால் வெட்டிப் படித்துப் பார், தெரிந்த சொல்லாகக் கேட்காவிட்டால் பின்னால் வெட்டிப் பார் என்று சொல்லித்தரும் ஏட்டை வாங்குங்கள். விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் ஏடு வேண்டாம்.

கடைசியாக, அச்சு வேலை. டெக் என்ற தட்டச்சமைப்பு மென்பொருளின் வரிமுறிவு முறைதான் இன்றும் அளவுகோல். டெக்கை உருவாக்கிய டொனால்ட் கனூத்தின் மாணவர் ஃபிராங்க்ளின் லியாங், ஸ்டான்ஃபோர்டில் 1983-இல் தந்த ஆய்வேட்டில் இருப்பது. மொத்தம் 4447 எழுத்துக்கோலங்கள், அதாவது சொற்களில் வரும் சிறு எழுத்துத் தொடர்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கு நடுவே எண். ஒற்றை எண் என்றால் வெட்டலாம், இரட்டை என்றால் கூடாது, மோதினால் பெரிய எண் ஜெயிக்கும். 'ஹைஃபனேஷன்' என்ற சொல்லையே எடுத்தால், 'என்' எழுத்துக்கு முன் வெட்டலாம் என்று ஒரு கோலம் 1 போடும். கூடாது என்று இன்னொன்று 2 போடும். 'என்'-க்குப் பின் வெட்டு என்று மற்றொன்று 5 போடும். முடிவில் 'ஹை', 'ஃபென்', 'ஏஷன்'. அவர் பயன்படுத்திய கையடக்க அகராதியின் வெட்டுகளில் 89 விழுக்காட்டை இது பிடிக்கிறது, தவறான வெட்டு அநேகமாக இல்லை. விட்டாலும் விடும், தப்பாக வெட்டாது என்பதுதான் அச்சுக்குத் தேவையான குணம். கோலத்துக்கு அடங்காத 14 சொற்கள் விதிவிலக்குப் பட்டியலில் உண்டு. அதில் 'ப்ரெசென்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டையும் அவற்றின் பன்மையையும் எங்குமே வெட்டாதே என்று வைத்திருக்கிறார்கள். பெயரா வினையா என்று கணினிக்குத் தெரியாதே.

லிப்ரேஆஃபிஸ் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளும் லியாங்கின் வழியையே பின்பற்றுகிறது. தமிழ்ப் பத்திக்குள் ஆங்கிலச் சொல் வந்தால் முறியாமல் வரி இழுத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், அந்தச் சொல்லின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்படாமல் இருப்பதாக இருக்கலாம். அப்படியானால் சொல்லைத் தேர்ந்தெடுத்து மொழியை ஆங்கிலம் என்று மாற்றுங்கள். இணையப் பக்கத்திலும் மொழிக்குறி இல்லாவிட்டால் தானியங்கி வரிமுறிவு வேலை செய்யாது. ஒரேயொரு சொல்தான் தொல்லை என்றால், லிப்ரேஆஃபிஸிலும் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் வெட்ட வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோலோடு சிறுகோட்டு விசையை அழுத்துங்கள். வரி முடிவில் விழுந்தால் மட்டும் கோடு தெரியும். எதைப் பயன்படுத்தினாலும் மெய்ப்பு பார்க்கும்போது வரி முடிவுகளை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 'தெரபிஸ்ட்' என்ற சொல் மூன்றாம் எழுத்துக்குப் பின் முறிந்தால் அடுத்த வரியில் என்ன சொல் நிற்கும் என்று எழுதிப் பாருங்கள். மெரியம்-வெப்ஸ்டர் முதல் புள்ளியை 'ஆர்' எழுத்துக்குப் பின்தான் வைத்திருக்கிறது.